இசைமுரசு நாகூர் ஹனிபா

நெய்தல் நிலத்து வாழ்வு ஓசை நிறைந்த வாழ்வு. அலை ஓயாது முழங்கும். காற்று பாயை மோதி இரையும். இவற்றுக்கு இடையே ஒருவர் கூறுவது மற்றவர் செவியில் விழவேண்டுமாயின் குரல் உயர்ந்தே ஒலித்தல் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்திற்கு வடக்கே, கடலை நோக்கி அமைந்த ஊர் திருப்பாலைக்குடி. பெயரிலே பாலையைத் தாங்கி நின்றாலும், நிலத்தாலும் தொழிலாலும் அது நெய்தலே. அவ்வூரை ஒத்த கடற்கரை ஊர்களிலே வலை இழுப்போரும் தோணி தள்ளுவோரும் பாடிவந்த பாட்டுக்கு ‘அம்பா’ என்பது பெயர். ஒருவர் முன்னே ஓரடி பாடுவார். ஏனையோர் அனைவரும் ஒன்றாய்ச் சேர்ந்து அதனை ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளமே உழைப்பின் தாளமாக அமையும். பல கைகள் ஒரே நொடியில் கயிற்றைப் பற்றி இழுப்பதற்கு அப்பாட்டுத் துணை செய்தது. உடல் நோவை மறப்பதற்கும் அதுவே மருந்தாயிற்று.

இத்தகைய பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, ஏடு இல்லை, அரங்கும் இல்லை. கற்றோர் கூடிய அவையில் அதற்கு இடம் கிடைப்பதும் அரிது. ஆயினும், மக்கள் உள்ளத்தில் ஊறிய இசை என்றும் மணலுக்குள் மறைந்தே கிடப்பதில்லை. காலம் கனியும்போது அம்மக்களிடையே ஒரு குரல் எழுகின்றது. அது மக்களின் மகிழ்ச்சியையும் துயரையும் வேண்டுதலையும் தன்னுள் ஏற்று, உலகம் கேட்குமாறு ஒலிக்கின்றது. அதன் பின்னர், எளியோர் இசையை எளிதென்று எவரும் தள்ளுதல் இயலாது.

இவ்வுண்மைக்கு உலக வரலாற்றிலே சிறந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்கள் தம் வேலைக்களத்திலே பாடிய பாட்டும், கோயிலிலே பாடிய பாட்டும் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதிய இசையாய் உருப்பெற்றன. ஆங்கிலத்தில் ‘ப்ளூ’ என்னும் சொல் நீல நிறத்தைக் குறிப்பதோடு மனத்துயரையும் குறிக்கும். ஆதலின் அவ்விசை ‘ப்ளூஸ்’ எனப்பட்டது. டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் இசைவாணர் 1903 ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்துச் சிறிய புகைவண்டி நிலையம் ஒன்றிலே, ஏழை ஒருவர் கிதார்க் கம்பிகளின்மீது கத்தியை அழுத்தி வாசித்துப் பாடியதைக் கேட்டார். அவ்விசை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. மக்களிடையே வழங்கிய அவ்வகைப் பாட்டை அவர் இசைக்குறிப்பாக எழுதி 1912 இல் அச்சில் வெளியிட்டார். 1920 இல் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி பாடிய ப்ளூஸ் இசைத்தட்டு வெளிவந்து பெருந்தொகையாய் விற்றது. எளிய மக்களும் தம் இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்பர் என்பதை இசைத்தட்டு வணிகர் அன்றுதான் அறிந்தனர். அரங்கம் கதவடைத்த இசைக்கு இசைத்தட்டு வாயில் திறந்துவிட்டது.

தமிழகத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் அத்தகைய குரல் ஒன்று தோன்றியது. பாடிய பொருளும் பண்ணும் வேறு; ஆனால் மக்களிடையே பிறந்து, மக்களுக்காகவே ஒலித்து, இசைத்தட்டின் வழியே நாடெங்கும் பரவிய வகையில் இரண்டும் ஒன்றே. ‘இசைமுரசு’ என்று தமிழ் மக்கள் அன்போடு அழைத்த நாகூர் ஹனிபாவின் குரலே அது.

அக்குரல் திடுமென வானிலிருந்து வந்ததன்று. அதற்கு முன்னே நெடியதொரு மரபு இருந்தது. தமிழ் பேசும் இசுலாமியர் தம் சமயத்தைத் தமிழிலே பாடிய மரபு இராமநாதபுரக் கடற்கரையில் வேரூன்றியதாகும். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்ற உமறுப்புலவர், நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்னும் காப்பியமாகத் தமிழுக்கு வழங்கினார். திருப்பாலைக்குடியிலிருந்து கரையோரமாய் வடக்கே சென்றால் தொண்டி என்னும் பழைய துறைமுகத்தை அடையலாம். தொண்டிக்கு அருகில் உள்ள குணங்குடியிலே 1792 இல் பிறந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இல்வாழ்வைத் துறந்து, இறைவனை நினைந்து நினைந்து அவர் பாடிய பாடல்கள், சமய வேறுபாடின்றித் தமிழரால் ஓதப்பட்டன. சித்தர் பாடல்களோடு அவர் பாடல்களையும் சேர்த்துப் போற்றுவது தமிழர் வழக்கம். சென்னையிலே அவர் தங்கிய பகுதி, தொண்டியார் தங்கிய இடம் என்னும் பொருளில் தண்டையார்பேட்டை ஆயிற்று என்று கூறுவாரும் உண்டு.

காப்பியம் கற்றோர்க்கு விருந்து. ஞானப் பாடல் நாட்டம் உடையோர்க்கு அமுது. ஆயினும் ஏட்டைத் தொட்டறியாத மீனவர்க்கும், கடை நடத்துவோர்க்கும், அடுக்களையில் உழலும் பெண்டிர்க்கும் அப்பொருளைச் செவிவழியே கொண்டு சேர்ப்பவர் யார்? அந்தப் பணியே நாகூர் ஹனிபாவுக்காகக் காத்திருந்தது.

ஹனிபா 1919 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25 ஆம் நாள் இராமநாதபுரத்திலே பிறந்தார். அவர் தந்தையாரின் ஊர் நாகூர். இளமை முதல் ஹனிபா வளர்ந்ததும் நாகூரிலேதான். நாகூர், காவிரி வளநாட்டின் கடைமுனையில் உள்ள கடற்கரை ஊர்; சாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலம் அமைந்தது. அத்தலத்தின் மிக உயர்ந்த கோபுரத்தைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஆண்டுதோறும் நிகழும் கந்தூரி விழாவுக்கு இசுலாமியரோடு இந்துக்களும் திரளாக வந்து கூடுவர். பல சமயத்தார் ஒரே வாயிலில் நுழைந்து வணங்கும் காட்சி, அவ்வூர்ச் சிறுவர் நாள்தோறும் காணும் காட்சியாகும். பிற்காலத்தில் ஹனிபாவின் குரல் எல்லாச் சமயத்தார் உள்ளத்தையும் தொட்டதற்கு உரிய விதை அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

நாகூர் இசைக்கும் புலமைக்கும் பெயர் பெற்ற ஊர். மதுரை நான்காம் தமிழ்ச் சங்கப் புலவருள் ஒருவராய் விளங்கிய குலாம் காதிறு நாவலர் பிறந்த ஊரும் அதுவே. விழா நாட்களிலும் மண ஊர்வலங்களிலும் சிறுவரும் இளைஞரும் குழுவாய்க் கூடிப் புகழ்ப்பாடல் பாடுவது அங்கே வழக்கம். அக்குழுவினைப் ‘பைத்து சபை’ என்பர். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடுவர். வலையிழுப்போர் பாட்டைப் போலவே இதுவும் பலர் கூடிப் பாடும் பாட்டு. சிறுவன் ஹனிபா இத்தகைய சபையொன்றில் சேர்ந்து பாடினார். பல குரல்களுக்கு இடையே அவர் குரல் தனித்து உயர்ந்து ஒலித்தது. பள்ளியிலும் விழாவிலும் அச்சிறுவனை முன்னே நிறுத்திப் பாடச் சொல்லுவது வழக்கமாயிற்று.

ஹனிபா ஆசிரியர்முன் அமர்ந்து முறையாக இசை பயின்றவர் அல்லர். சுரவரிசையும் அலங்காரமும் கீர்த்தனையும் படிப்படியாகக் கற்று அரங்கேறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கேட்டதை மனத்தில் வாங்கி, வாங்கியதைப் பாடிப் பாடிப் பழகிய கேள்வி ஞானமே அவருடைய கல்வி. வள்ளுவப் பெருந்தகை செல்வத்துள் எல்லாம் தலையாயது செவிச்செல்வம் என்று போற்றினார் அன்றோ? அச்செல்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்க்கை வாணிகத்தைத் தொடங்கினார் ஹனிபா. பதினைந்து வயதளவிலேயே திருமண வீடுகளில் தனியாக மேடையேறிப் பாடலானார்.

அக்காலத்துத் திருமண மேடையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பர். விருந்தினர் வருவதும் போவதுமாய் இருப்பர். குழந்தைகள் ஓடி விளையாடுவர். ஒலிபெருக்கி எல்லா ஊர்களுக்கும் எட்டாத காலம் அது. அமைதியாக அமர்ந்து, தலையசைத்துக் கேட்கும் அவை அங்கே இல்லை. அத்தகைய இடத்தில் நுணுக்கமான கமகங்கள் எடுபடா. மெல்லிய குரல் காற்றோடு போய்விடும். பந்தலின் கடைசியில் நிற்பவர்க்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்க் கேட்டல் வேண்டும். ஹனிபாவின் குரலுக்கு அந்த ஆற்றல் இயல்பாகவே வாய்த்திருந்தது. ஆடவர் பலர் எட்டுதற்கு அரிய உச்சக் கட்டையிலே அவர் பாட்டைத் தொடங்குவார். தொடங்கிய இடத்திலிருந்து மேலும் ஏறுவார். ஏறும்போதும் சொல் சிதையாது, எழுத்து மழுங்காது. ழகரமும் றகரமும் தத்தம் ஒலியோடு வந்து விழும். அக்குரலைக் கேட்டதும் நடப்பவர் நிற்பர். பேசுபவர் பேச்சை விடுவர்.

முரசு என்னும் கருவி பழந்தமிழர் வாழ்வில் பெருமதிப்புக்குரியதாக இருந்தது. கொடையை அறிவிக்க ஒரு முரசு, வெற்றியை அறிவிக்க ஒரு முரசு, நீதியை அறிவிக்க ஒரு முரசு என மூன்று முரசுகள் மன்னர் அரண்மனையில் முழங்கின. முரசை வைக்கும் கட்டிலும் தெய்வம் உறையும் இடமாகக் கருதப்பட்டது. அக்கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனார் என்னும் புலவரை ஒறுக்காது, அவருக்குக் கவரி வீசி நின்றான் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. யாழும் குழலும் ஓர் அவைக்கு இனிமை தரும். முரசோ ஊர் முழுவதற்கும் செய்தி தரும். ஹனிபாவின் குரலுக்கு ‘இசைமுரசு’ என்னும் பட்டம் பொருந்தியது இக்காரணம் பற்றியே.

இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாட்டுப் பதிவு செய்யப்பெற்றது 1902 இல். கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பெண்மணி அன்று பாடினார். அதன் பின் முப்பது ஆண்டுகளில் இசைத்தட்டு தமிழகத்துச் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட நேரமே பாட்டு அடங்கும். நாழிகைக் கணக்கில் விரித்துப் பாடும் இசைக்கு அது ஒரு தடை. சுருங்கச் சொல்லி உள்ளத்தைத் தொடும் பாட்டுக்கு அதுவே ஒரு வாய்ப்பு. இளைஞராய் இருக்கும்போதே ஹனிபா இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கினார். மூன்று நிமிடத்திற்குள் ஒரு பொருளை எடுத்து, விளக்கி, மனத்தில் பதித்து முடிக்கும் திறன் திருமணப் பந்தலிலேயே அவருக்குப் பழகிப்போன ஒன்று. தேநீர்க் கடைகளிலும் விழாப் பந்தல்களிலும் அத்தட்டுகள் திரும்பத் திரும்பச் சுழன்றன. தட்டு வாங்க இயலாதவரும் கடைவாயிலில் நின்று கேட்டுப் பாட்டை மனப்பாடம் செய்தனர். பின்னாளில் வானொலியும் ஒலிநாடாவும் வந்தபோது, அக்குரல் மேலும் பல இல்லங்களுக்குள் புகுந்தது.

ஹனிபா வளர்ந்த காலம் தமிழிசைக்குப் போராட்டக் காலமும் ஆகும். இசையரங்குகளிலே தெலுங்கு, வடமொழிப் பாடல்களே பெரிதும் பாடப்பட்டன. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு முதன்மை பெறுதல் வேண்டும் என்று அண்ணாமலை அரசர் முயன்றார். 1941 இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அறிஞரும் செல்வரும் அவையிலே வாதிட்டு நிலைநாட்டிய அக்கொள்கையை, ஹனிபா தெருவிலே பாடி நிலைநாட்டினார். அரபு மொழியை ஓதத் தெரிந்தும் அதன் பொருள் விளங்காதவர் பலர். அவர்களுக்கு இறைவனின் அருளையும், நபிகள் நாயகத்தின் பொறுமையையும், ஈகையின் சிறப்பையும், தாயின் பெருமையையும் அவர் பேசும் தமிழிலேயே எடுத்துப் பாடினார்.

இசைக்கருவிகளோடு சமயப் பொருளைப் பாடுதல் தகுமோ என்று ஐயுற்றோர் இசுலாமிய சமுதாயத்தில் முன்னும் இருந்தனர்; பின்னும் இருந்தனர். முறையான இசை பயிலாதவர் பாட்டை இசையென்று ஏற்கலாமோ என்று எண்ணிய இசைவாணரும் இருந்திருப்பர். இவ்விரு வினாக்களுக்கும் விடையளித்தவர் மக்களே. கூட்டம் கூட்டமாக வந்து கேட்டனர்; கேட்டதை வீட்டிலே பாடினர்; பாடியதைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். மக்கள் ஏற்றுக்கொண்டதைத் தடுக்கும் வலிமை எவர்க்கும் இல்லை.

அவர் பாடிய பாடல்களுள் பெரும்பாலானவற்றை இயற்றியவர்கள் வேறு கவிஞர்கள். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடல் அவற்றுள் தலைசிறந்தது. அதனை இயற்றியவர் கிளியனூர் அப்துல் சலாம். அப்பாடலின் பல்லவியிலே இறைவன் என்னும் பொதுச்சொல்லே முன்னே நிற்கின்றது. கேட்பவர் யாராயினும் அவரவர் வணங்கும் இறைவனை எண்ணிக் கேட்பதற்கு இடம் தருவது அது. அதனாலன்றோ பள்ளிவாசல் விழாவில் ஒலித்த அப்பாடல் கோயில் விழாவிலும் ஒலித்தது! புலவர் எழுதிய சொல் ஏட்டிலே உறங்கும்; பாடகர் குரல் அதற்கு உயிரூட்டி ஊருலாச் செல்ல வைக்கும். சொல் தந்தவரையும் குரல் தந்தவரையும் ஒருங்கே நினைத்தல் நம் கடமையாகும்.

ஹனிபாவின் வாழ்வில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அவர் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். அவ்வாறிருந்தும், இளமையிலேயே தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தால் ஈர்க்கப்பட்டார். பெரியாரோ கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்டவர். இவ்விரண்டும் ஒருவர் நெஞ்சில் எவ்வாறு ஒருங்கே தங்கின என்று பலரும் வினவுவர். மனிதருள் பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பதும், தாய்மொழி தலைநிமிர்ந்து வாழ்தல் வேண்டும் என்பதும் அவ்வியக்கத்தின் முழக்கங்கள். அவற்றை ஹனிபா தம் சமய நெறிக்கும் உடன்பட்டனவாகவே கண்டார். தம் தொழுகையை அவர் மேடைக்காக விட்டுக்கொடுக்கவில்லை; மேடையை ஐயத்தின் காரணமாக விட்டு விலகவும் இல்லை. 1949 இல் அறிஞர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்த பின்னர், அதன் மாநாடுகளிலும் பொதுக்கூட்டங்களிலும் ஹனிபாவின் பாட்டு நிலையான இடம் பெற்றது. தலைவர்கள் வந்து சேரக் காலம் தாழ்த்தும் இரவுகளில், கலையாது கூட்டத்தைக் காத்து நின்றது அவர் குரலே. கலைஞர் கருணாநிதியோடு இளமையில் அரும்பிய நட்பை இறுதிவரை காத்தார். சட்ட மேலவை உறுப்பினராகவும், தமிழ்நாடு வக்பு வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். தேர்தல் களத்தில் மட்டும் வெற்றி அவரை அணுகவில்லை. தோல்வி கண்டு துவளாது மீண்டும் பாட்டு மேடைக்கே திரும்பினார்.

ஓர் அரசியல் இயக்கத்தின் கொள்கையோடு உடன்படாதோரும் அவர் சமயப் பாடல்களைக் கேட்டு உருகினர். அவர் சமயத்தைச் சாராதோரும் அவர் மேடைப் பாடல்களைக் கேட்டுக் கைதட்டினர். ஒருவர் தம் கொள்கையில் ஒளிவுமறைவின்றி நிற்பாராயின், மாற்றுக் கருத்துடையோரும் அவரை மதிப்பர் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்றாகும்.

திரைப்பட உலகமும் அவரை நாடியது. 1955 இல் வெளிவந்த ‘குலேபகாவலி’யிலும், 1961 இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ப் படத்திலும் அவர் பாடினார். பாவமன்னிப்பில் டி. எம். சௌந்தரராசனோடு இணைந்து அவர் பாடிய பெருநாள் பாட்டு, பெருநாள் தோறும் ஒலிப்பது. நெடுங்காலம் கழித்து, இளையராஜாவின் இசையில் 1992 இல் ‘செம்பருத்தி’யிலும், 1997 இல் ‘ராமன் அப்துல்லா’விலும் அவர் குரல் ஒலித்தது. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இருப்பினும் அவர் திரைப்பாடல்கள் எண்ணிக்கையில் சிலவே. திரை தரும் புகழையே வாழ்வாகக் கொள்ளாது, திருமணப் பந்தலையும் கந்தூரி மேடையையும் மாநாட்டுத் திடலையுமே தம் அரங்கமாகக் கொண்டார். இன்னார்க்குத்தான் பாடுவேன், இன்ன ஊருக்குத்தான் வருவேன் என்று எண்ணாமல், தம்மை வளர்த்த சிற்றூர்களை நாடி முதுமையிலும் சென்றார்.

கடல் கடந்தும் அக்குரல் சென்றது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் தமிழர் அவரை அழைத்துப் பாடச் செய்து மகிழ்ந்தனர். பிழைப்புக்காகத் தாய்நாட்டை விட்டுச் சென்று, அங்காடிகளிலும் தோட்டங்களிலும் பணிபுரிவோர்க்கு அப்பாட்டு ஊர் நினைவை எழுப்பியது. பின்னாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தமிழ் இளைஞர் பலர் தம் பெட்டியிலே அவர் பாடிய ஒலிநாடாக்களையும் எடுத்துச் சென்றனர். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை, ஊரை விட்டு வடநகரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றவரோடு தானும் சென்றது என்பர். உழைப்பவர் செல்லுமிடமெல்லாம் அவர்தம் பாட்டும் உடன்செல்லும் என்பது இரு நாட்டிற்கும் பொதுவான உண்மையாகும்.

ஹனிபாவின் செல்வாக்கு எத்தகையது என்பதைப் பின்வந்தோரைக் கொண்டு அறியலாம். அவருக்குப் பின் தமிழில் இசுலாமியப் பாடல் பாட வந்தவர் எவரும் அவர் வகுத்த பாதையிலேயே முதலடி வைத்தனர். உயர்ந்த குரலில் தொகையறாவாகத் தொடங்குதல், சொல் தெளிவு கெடாமல் பாடுதல், மக்கள் உடன் சேர்ந்து பாடத்தக்க எளிய பல்லவியை அமைத்தல் ஆகியவை அத்துறைக்கு இலக்கணம் ஆயின. பொதுக்கூட்டம் தொடங்குமுன் இசை நிகழ்ச்சி நடத்தும் வழக்கம் தமிழகத்து அரசியல் மேடைகளில் ஊன்றியதற்கும் அவர் பங்கு பெரிது. ஓர் இசைக்கு முன்னோடி யார் எனில், அத்துறையில் முதலில் பாடியவர் என்பது மட்டும் போதாது. அவருக்குப் பின் பாடுவோர் எல்லாரும் அவரை நினைந்தே பாடவேண்டிய நிலையை உண்டாக்கியவரே முன்னோடி. அவ்வகையில் ஹனிபா முன்னோடியாவார்.

தமிழ்நாட்டு அரசு அவருக்குக் ‘கலைமாமணி’ விருது வழங்கிச் சிறப்பித்தது. முதுமை வந்து உடல் தளர்ந்தபோதும் பாட்டின்மேல் அவர் கொண்ட பற்றுத் தளரவில்லை. 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள், தம் 95 ஆம் வயதில், சென்னையில் அவர் இயற்கை எய்தினார். சமயம், கட்சி என்னும் எல்லைகளைக் கடந்து மக்கள் அவருக்காக வருந்தினர்.

செல்வக் குடியிற் பிறத்தலும், சிறந்த ஆசிரியரிடம் பயிலுதலும், பெரிய அரங்கில் ஏறுதலும் கலைஞர்க்குக் கிடைக்கும் பேறுகளே. ஆனால் அவை கிட்டாதோர் தம் கலையைக் கைவிட வேண்டுவதில்லை. தமக்கு இயல்பாய் அமைந்த ஆற்றலை அறிதலும், அதனை ஓயாத பயிற்சியால் வளர்த்தலும், தாய்மொழியில் நம்பிக்கை வைத்தலும், தம்மைச் சூழ்ந்த எளிய மக்களையே தம் அவையாக மதித்தலும் உடையார்க்கு உலகமே அரங்கமாகும். ஹனிபாவின் வாழ்வு இதனைத் தெளிவுறுத்துகின்றது.

முரசின் ஓசைக்கு இன்னார் இனியார் என்னும் வேறுபாடு தெரியாது. மாடத்தில் இருப்பவர் செவிக்கும் குடிசையில் இருப்பவர் செவிக்கும் அது ஒரே வகையாய்ச் சென்று சேரும். நாகூர் ஹனிபாவின் பாட்டும் அத்தகையது. கோயில் மணியோசை கேட்கும் தெருவிலும், பள்ளிவாசல் அழைப்பு கேட்கும் தெருவிலும், அலையோசை ஒன்றே கேட்கும் கடற்கரையிலும் அப்பாட்டைக் கேட்டு ஒருவரை ஒருவர் அன்போடு நோக்கும் மக்கள் உள்ளவரை, அவ்விசைமுரசின் முழக்கம் ஓயாது.